மேசையைச் சுற்றி இருப்பவர்கள் யார்?



ஊருக்குப் படம் காட்ட வருகின்ற ஓர் அமைப்பை நினைத்தால் எமது கண்முன்னே வருவது என்ன? பாடசாலை வளவில் கட்டிய வெள்ளைத்துணி, புரொஜெக்டர், ஜெனரேற்றர் சத்தம், பாயை விரித்துக்கொண்டு முன்னுக்கு இருக்கும் பிள்ளைகள், பின்னால் வேலியோரம் நின்று பார்க்கும் பெண்கள். இவைதான் எமக்குத் தெரிபவை. அந்தத் துணிக்குப் பின்னால் எங்கேயோ ஒரு மேசை இருக்கின்றது என்பதை நாங்கள் நினைப்பதில்லை.

எந்தப் படத்தைக் காட்டுவது, எந்த ஊருக்குப் போவது, யாரைப் படம் எடுப்பது, எடுத்த படத்தை எங்கே அனுப்புவது, வந்த காசை எப்படிச் செலவழிப்பது என்பவை யாவும் அந்த மேசையில்தான் முடிவாகின்றன. அதைச் சுற்றி இருப்பவர்களைத்தான் நிர்வாக சபை என்கிறோம். அப்படியான ஒரு சபையில் நான் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். அங்கு பார்த்ததையும், பிற இடங்களில் பெண்கள் செய்தவை பற்றி அறிந்துகொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது

நான் படுவான்கரையைச் சேர்ந்தவள். கொக்கட்டிச்சோலைப் பக்கம். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் அந்தப் பகுதி கண்ட இழப்புகளை உங்களில் பலர் அறிவீர்கள். எனது கணவர் 1990 இல் காணாமற் போனவர். இரண்டு பிள்ளைகளையும் இடியப்பம் அவித்து விற்றும், கூலிக்கு நெல் வெட்டியும் வளர்த்தெடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனால் எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பதினொரு வருடங்கள் பொருளாளராக இருந்தேன். சந்தா, சிறுகடன், வட்டி, மரணச் சகாயம் என்று எல்லாவற்றுக்கும் காசுப்புத்தகம் எழுதியவள் நான்தான்.

மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்ட பின்னர் பட்டணத்துக்குப் போய்வருவது எங்களுக்கு இலகுவாகிவிட்டது. அதற்கு முன்னர் பாதையிலே வாவியைக் கடக்க வேண்டும். பாலம் வந்து இரண்டு வருடங்களுக்குப் பின்னர், கிராமங்களிலே குறும்படங்களும் ஆவணப்படங்களும் காட்டிவந்த ஒரு சிறிய தொண்டு அமைப்பு, தனது நிர்வாக சபையில் சேரும்படி என்னைக் கேட்டது. சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

முதற் கூட்டத்தில் சபை உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலைத் தந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரது பின்னணி எழுதப்பட்டிருந்தது. சட்டத்தரணி. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். நாடகக் கலைஞர். ஓய்வுபெற்ற அதிபர். எனது பெயருக்குப் பக்கத்தில் ‘யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட பெண்’ என்றிருந்தது.

அவர்கள் எல்லோருக்கும் செய்த வேலை எழுதப்பட்டிருந்தது. எனக்கு மட்டும் பட்ட துன்பம் எழுதப்பட்டிருந்தது. அன்று அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. உண்மைதானே என்று நினைத்துக் கையெழுத்து வைத்துவிட்டேன்.

முதல் மூன்று கூட்டங்களிலும் நான் வாய் திறக்கவில்லை. அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருந்தன. கூட்டம் பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கும். கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்கு நான் பாதியிலே எழும்ப வேண்டும். முக்கியமான முடிவுகள் நான் போன பின்னர்தான் எடுக்கப்படும். யாரும் என்னை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஆனாலும் நான் அந்த மேசையில் இருந்தும் இல்லாதவளாகவே இருந்தேன்.

படத்தில் வந்த அக்கா

நான்காவது கூட்டத்தில் ஒரு ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வாவிக்கரை ஊரொன்றிலே மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாயைப் பற்றிய படம். நன்றாக எடுத்திருந்தார்கள். பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். வெளிநாட்டிலே நடக்கவிருந்த ஒரு விழாவுக்கு அதனை அனுப்புவது என்று தீர்மானம் வந்தது. எல்லோரும் கையை உயர்த்தினார்கள்.

எனக்கு அந்த அக்காவைத் தெரியும். படத்தின் நடுவிலே அவர், இரவிலே வந்து விசாரித்துப் போனவர்கள் பற்றி ஓரிடத்திற் சொல்கிறார். அவரது வாசலும் வேலியும் தெளிவாகத் தெரிகின்றன. எனக்கு நெஞ்சு பதறியது. “இந்தப் படத்தை அந்த அக்கா பார்த்திட்டாவா?” என்று கேட்டேன். அந்தச் சபையில் நான் கேட்ட முதற் கேள்வி அதுதான்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர், சம்மதக் கடிதம் இருக்கின்றது என்று சொன்னார்கள். அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரது வீட்டுக்குப் போனேன். விசயத்தைச் சொன்னதும் அவர் சொன்னது இன்றைக்கும் எனது காதுக்குள் நிற்கின்றது: “படம் எடுக்க வந்தவங்க ரெண்டு நாள் நிண்டாங்க புள்ள. நல்ல மனிசர்தான். ஆனா நான் இந்த ஊருக்குள்ளதானேகா சீவிக்கணும். மகள்ட கலியாணமும் பேசிட்டு இரிக்கிற நேரம்.”

மகனைப் பற்றிச் சொன்னதை நீக்க வேண்டாம் என்றார். அது உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்றார். இரவிலே வந்தவர்கள் பற்றிய பகுதியையும், வீட்டு வாசல் தெரியும் காட்சியையும் எடுத்துவிடும்படி கேட்டார். அவ்வளவுதான் அவரது கோரிக்கை. அவர் பேசப் பயந்தவர் அல்ல. எதைப் பேசுவது, எதை விடுவது என்பதைத் தானே முடிவு செய்ய விரும்பினார்.

சபையிலே இதனைச் சொன்னேன். வாக்குவாதம் நடந்தது. படம் பலம் இழந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். திகதி நெருங்கிவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் சட்டத்தரணியும் அதிபரும் எனது பக்கம் நின்றார்கள். அந்தப் பகுதிகள் நீக்கப்பட்டன. விழாவின் திகதி தவறிப்போனது. எதிர்பார்த்திருந்த ஓர் உதவியும் அந்த வருடம் கிடைக்கவில்லை. இதனை மறைக்காமற் சொல்ல வேண்டும். சரியான முடிவு எடுப்பதற்குச் சில வேளைகளில் விலையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அன்றிலிருந்து சபையிலே ஒரு விதி வந்தது. படம் எடுக்கப்பட்டவர் முதலில் பார்க்க வேண்டும். அவரது மொழியில் எழுதிய கடிதத்தில், வாசித்து விளங்கப்படுத்திய பின்னரே கையெழுத்து வாங்க வேண்டும். படத்தை எங்கெல்லாம் காட்டப் போகின்றோம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

எனக்குத் தெரியாதவை

இந்தச் சம்பவத்தால், பாதிக்கப்பட்ட பெண்களே எல்லாவற்றையும் முடிவு செய்தாற் போதும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எனது பிழையையும் சொல்கின்றேன்.

காசோலையில் கையெழுத்திடும் மூவரில் என்னையும் ஒருவராகத் தெரிவுசெய்திருந்தார்கள். மாதத்தில் ஒருமுறைதான் நான் பட்டணத்துக்கு வருவேன் என்பதால், ஒருநாள் வெற்றுக் காசோலைகள் மூன்றிலே முன்கூட்டியே கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். நம்பிக்கையான ஆட்கள்தானே என்று நினைத்தேன். வங்கி முகாமையாளராக இருந்த மிஸ் அதனைக் கண்டுபிடித்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு நன்றாக ஏசினார். “உங்கட சங்கத்தில யாராவது இப்பிடிச் செய்தா விடுவீங்களா?” என்று கேட்டார். விட்டிருக்க மாட்டேன். காசு ஒன்றும் போகவில்லை. ஆனால் போயிருக்கலாம். கையெழுத்து வைப்பவர் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார் என்பதை அன்றுதான் சரியாக உணர்ந்தேன்.

ஒரு திரைக்கலை அமைப்பின் சபையிலே வேறுவேறு பின்னணி உள்ளவர்கள் இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். எமது நாட்டிலே ஒரு தொண்டு அமைப்பு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டிருக்கலாம். அல்லது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக இருக்கலாம். எது எமக்குப் பொருந்தும், எந்தக் கடமைகள் உண்டு என்பதைச் சட்டத்தரணி பார்ப்பார். வரவு செலவிலே பிசகு வருமுன்னரே கணக்குத் தெரிந்தவர் காண்பார். ஒரு படம் உண்மையிலேயே நல்ல படமா, அழவைப்பதற்கென்றே செய்யப்பட்டதா என்பதைக் கலைஞர் சொல்வார். பாடசாலை மண்டபத்தை யாரிடம், எப்படிக் கேட்பது என்பது அதிபருக்குத் தெரியும். படம் காட்டி முடிந்து வாகனம் போன பின்னர் ஊரிலே என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரியும். இதில் எந்த ஒன்று குறைந்தாலும் சபைக்கு ஒரு கண் குறைந்ததுதான்.

கமெராவைப் பிடித்த பெண்கள்

இந்தியாவில், எங்களைப் போன்ற பெண்கள் இந்த வேலையை எப்போதோ தொடங்கிவிட்டார்கள். குஜராத்தின் அகமதாபாத்திலே, முறைசாராத் தொழில் செய்யும் பெண்களுக்காக ‘சேவா’ என்ற சங்கத்தை 1972 இல் ஆரம்பித்தவர் எலா பட். அவர் சட்டம் படித்தவர். 1974 இல் தங்களுக்கென ஒரு வங்கியைப் பதிவு செய்யப்போனபோது, கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்ற கேள்வி எழுந்தது. அந்தப் பெண்கள் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து தங்கள் பெயரை எழுதப் பழகிக்கொண்டு போனார்கள். சட்டம் தெரிந்த ஒருத்தியும், சந்தை தெரிந்த பலரும் சேர்ந்ததால்தான் அந்த வங்கி உருவானது.

அதே சங்கத்திலே 1984 இல் ‘வீடியோ சேவா’ ஆரம்பிக்கப்பட்டது. நியூயோர்க்கிலிருந்து வந்த மார்த்தா ஸ்டுவர்ட் என்பவர் பயிற்சி அளித்தார். பயின்ற பெண்களிற் சிலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. மரக்கறி விற்றுவந்த லீலாபென் என்பவர் அங்கே கமெராவைக் கையில் எடுத்தார். மாணெக் சௌக் சந்தையிலே தெருவோரம் இருந்து வியாபாரம் செய்யும் பெண்களின் பிரச்சினையை அவர்களே படமாக்கினார்கள். தராசு பிடித்த கை கமெராவையும் பிடித்தது.

தெலுங்கானாவில் சகீராபாத்துக்கு அருகேயுள்ள பஸ்தாபூரிலே இன்னுமொரு நல்ல உதாரணம் உண்டு. டெக்கான் அபிவிருத்திச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பி. வி. சதீஷ், முன்னர் தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்தவர். 2023 இல் காலமானார். அவரது பின்னணி தொலைக்காட்சி. அங்கிருந்த தலித் பெண்களின் பின்னணி நிலமும் விதையும். அந்தப் பெண்கள் வீடியோ பழகித் தங்கள் விதைகளைப் பற்றியும் விவசாயத்தைப் பற்றியும் பல படங்கள் எடுத்தார்கள்.

அவர்கள் கமெராக் கோணங்களுக்கு வைத்த பெயர்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. மேலேயிருந்து கீழே பார்த்து எடுப்பது ‘பட்டேல் ஷொட்’. நிலச்சொந்தக்காரர் ஏழையைப் பார்க்கும் பார்வை அது. கீழேயிருந்து மேலே பார்த்து எடுப்பது அடிமையின் ஷொட். கண்ணுக்குக் கண் நேராக வைத்து எடுப்பது ‘சங்கம் ஷொட்’. ஏனென்றால் சங்கத்திலே எல்லோரும் பாயிலே சமமாக இருந்து பேசுகிறார்கள்.

சகோதரிகளே, எங்களை எடுத்த படங்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முகாமிலே வரிசையில் நின்றபோது, நிவாரணம் வாங்கக் கை நீட்டியபோது, 2004 சுனாமிக்குப் பின்னர் கரையிலே அழுதுகொண்டு இருந்தபோது எடுத்த படங்களில் எத்தனை சங்கம் ஷொட்? அந்தப் படங்களை எடுத்தவர்களும் அனுப்பியவர்களும் இருந்த மேசையிலே, எங்களிற் யாராவது கண்ணுக்குக் கண் நேராக இருந்தோமா?

ஒரு நீதிபதி, ஒரு நடிகை, ஒரு நிர்வாகி

இந்திய மாநிலமான கேரளத்தில் நடந்ததையும் அறிந்துகொள்வது பயன்தரும். 2017 பெப்ரவரியில் ஒரு நடிகை கடத்தப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டார். அதன்பின் திரைத்துறைப் பெண்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். நடிகைகளான மஞ்சு வாரியர், பார்வதி, ரீமா கல்லிங்கல் ஆகியோரும், இயக்குநர் அஞ்சலி மேனனும், படத்தொகுப்பாளர் பீனா போலும் அதில் இருந்தார்கள். நடிப்பவர், எழுதுபவர், வெட்டி ஒட்டுபவர் எனப் பலரும் கூடியிருந்ததால், ஒருவருக்குத் தெரியாத துன்பம் மற்றவருக்குத் தெரிந்திருந்தது.

அவர்களது கோரிக்கையை அடுத்து 2017 ஜூலையில் கேரள அரசு ஒரு குழுவை நியமித்தது. மூவரும் பெண்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா, மூத்த நடிகை சாரதா, ஓய்வுபெற்ற நிர்வாக அதிகாரி வல்சலகுமாரி. சாட்சியத்தை நிறுத்துப் பார்க்க ஒருவர், படப்பிடிப்புத் தளத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர், அரசாங்கம் இயங்கும் விதம் தெரிந்த ஒருவர். 2019 டிசம்பர் 31 அன்று அறிக்கையைக் கையளித்தார்கள். அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 19 இல்தான். ஏறக்குறைய ஐந்து வருடங்கள் அலுமாரிக்குள் கிடந்தது.

பாலியல் தொல்லைகள் பற்றி மட்டும் அந்த அறிக்கை பேசவில்லை. படப்பிடிப்பு இடங்களிலே பெண்களுக்கு மலசலகூடமும் உடைமாற்ற இடமும் இல்லை என்பதையும், அதனாலேயே பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும் அது பதிவு செய்தது. முகாமில் இருந்த எமக்கு இது புதிய விசயமா? ஆண்கள் மட்டும் இருக்கும் மேசையிலே இது ஒருநாளும் நிகழ்ச்சிநிரலுக்கு வராது.

அங்கே ‘அம்மா’ என்று அழைக்கப்படும் நடிகர் சங்கம் 1994 இல் ஆரம்பமானது. முதிய கலைஞர்களுக்கு மாதாந்த உதவிப்பணமும் வழங்கும் சங்கம் அது. பெயர்தான் அம்மா, தலைவர்களாக இருந்தவர்கள் ஆண்கள். அறிக்கை வெளிவந்த அதே மாதம் அதன் நிர்வாகக் குழு முழுவதும் பதவி விலகியது. 2025 ஆகஸ்டில் நடந்த தேர்தலிலே நடிகை சுவேதா மேனன் அதன் முதற் பெண் தலைவராகத் தெரிவானார். முப்பத்தொரு வருடங்கள் எடுத்திருக்கின்றது.

எமது மண்ணிலே

இலங்கையிலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். 2023 ஜனவரியில் மறைந்த சுமித்ரா பீரிஸ் இந்நாட்டுப் பெண் திரைப்பட இயக்குநர்களில் முன்னோடி. 1978 இல் தனது முதற் படத்தை இயக்குவதற்கு முன்னர் அவர் படத்தொகுப்பாளர். 1963 இல் வெளிவந்த ‘கம்பெரலிய’வைத் தொகுத்தவர் அவரே. யாழ்ப்பாணத்திலே 2015 இல் ஆரம்பமான சர்வதேசத் திரைப்பட விழாவின் இயக்குநர் அனோமா ராஜகருணாவும் புகைப்படக் கலைஞர், ஆவணப்பட இயக்குநர். எமது வாவிக்கரையில், அமிர்தகழியிலே பிறந்த பாலு மகேந்திராவும் கமெராவின் வழியாகத்தான் இயக்குநராகி, பிற்காலத்தில் சென்னையிலே ‘சினிமாப் பட்டறை’ என்ற பயிற்சிக்கூடத்தை நடத்தினார். வேலையைக் கையால் செய்து பழகியவர்கள் தலைமைக்கு வரும்போது அதற்கு ஒரு பலம் உண்டு.

மட்டக்களப்பிலே 1993 முதல் இயங்கிவந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தையும் இங்கே நினைக்க வேண்டும். இடம்பெயர்ந்த பெண்களுடனான வேலையிலிருந்து பிறந்த அமைப்பு அது. நாடகத்தையும் பாட்டையும் பெண்களின் பேச்சுக்கான வழியாக ஆக்கியது. தமது கதையைத் தாமே சொல்லும் பழக்கம் எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்குப் புதியதல்ல.

இருந்தும், மேசை என்று வந்தால் நிலைமை வேறு. எங்கள் கோயில்களைப் பாருங்கள். மட்டக்களப்பிலே குடி என்பது தாய்வழி. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. வீடும் வளவும் மகளுக்குத்தான். ஆனால் கோயில் நிர்வாகத்திலே அந்தக் குடிக்காக இருக்கும் வண்ணக்கர் ஆண். உரிமை எங்கள் வயிற்றின் வழியாக வருகின்றது, இருக்கை மட்டும் எங்களுக்கு வருவதில்லை. கோயிலைக் குறைசொல்ல இதனைச் சொல்லவில்லை. இந்தப் பழக்கம் எமது புதிய அமைப்புகளுக்குள்ளும் சத்தமில்லாமல் வந்துவிடுகின்றது என்பதற்காகவே சொல்கின்றேன். கதை எங்களுடையது, கண்ணீர் எங்களுடையது, முடிவு மட்டும் வேறு யாரோ எடுப்பது.

உங்களைக் கூப்பிட்டால்

நாளைக்கு உங்களையும் ஒரு சபைக்குக் கூப்பிடலாம். பயந்து மறுக்க வேண்டாம். அதேநேரம் சந்தோசத்திலே உடனே கையெழுத்தும் வைக்க வேண்டாம். எனது அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டியவை இவை:

1. அமைப்பின் யாப்பைத் தமிழிலே தரும்படி கேளுங்கள். சபைக்கு என்ன அதிகாரம், எத்தனை வருடம், வாக்கு எல்லோருக்கும் சமமா என்பது அதில் இருக்கும்.

2. கூட்டறிக்கையும் கணக்கறிக்கையும் எந்த மொழியில் வரும், கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னர் கைக்கு வரும் என்று கேளுங்கள். கூட்டத்தில் வைத்துத் தரும் தாளை யாராலும் வாசித்து விளங்க முடியாது.

3. கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முன்னர் முடியாத கூட்டம் எங்களுக்கான கூட்டம் அல்ல. போக்குவரத்துச் செலவைக் கேட்பதிலும் வெட்கம் இல்லை.

4. தனி ஒருத்தியாகப் போக வேண்டாம். இரண்டு பேரையாவது சேர்க்கும்படி கேளுங்கள். ஒருத்தி பேசினால் அது அவளது சொந்தக் குறை போலத் தெரியும். இருவர் பேசினால் விசயமாகத் தெரியும்.

5. வெற்றுக் காசோலையிலோ, வாசிக்காத தாளிலோ ஒருபோதும் கையெழுத்து வைக்க வேண்டாம். விளங்காததைக் கேளுங்கள். கேட்பதால் யாரும் குறைந்துபோவதில்லை.

6. சபையில் இருப்பவரின் உறவினருக்கோ, அவரது கடைக்கோ, வாகனத்துக்கோ காசு போவதாக இருந்தால், அவர் அதைச் சொல்லிவிட்டு அந்த முடிவிலிருந்து விலகி இருக்க வேண்டும். அது நீங்களாக இருந்தாலும் அப்படித்தான்.

நீங்கள் எதனைக் கொண்டுபோகிறீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். சீட்டுப் பிடித்துக் கடைசி ஆள்வரை காசு கொடுத்து முடித்தவளுக்கு நிதி முகாமைத்துவம் தெரியும். முகாமிலே முந்நூறு குடும்பத்துக்குச் சமையல் பார்த்தவளுக்குத் திட்டமிடல் தெரியும். காணாமற் போனவரைத் தேடி ஒவ்வொரு அலுவலகமாக, ஒவ்வொரு ஆணைக்குழுவாகக் கோப்பைக் காவிக்கொண்டு போனவளுக்கு ஆவணம் பேணத் தெரியும், அதிகாரிகளோடு பேசத் தெரியும். இவற்றுக்குச் சான்றிதழ் கிடையாது. அதனால் இவை தகைமை இல்லை என்று ஆகிவிடாது.

திருத்திய பட்டியல்

இரண்டு வருடம் கழிந்து சபையைப் புதுப்பித்தபோது மறுபடியும் பெயர்ப்பட்டியல் வந்தது. அதே ‘யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட பெண்’. இம்முறை நான் கையெழுத்து வைக்கவில்லை. “இதை மாத்தணும்” என்றேன். எப்படி மாற்றுவது என்று செயலாளர் தம்பி கேட்டார்.

அவரிடம் சொன்னேன்: “தம்பி, எனக்கு நடந்தது பொய் இல்ல. அத நான் மறைக்கவும் இல்ல. ஆனா அது எனக்கு மத்தவங்க செய்தது. நான் செய்தத எழுதுங்க.”

இப்போது அந்த அமைப்பின் பழைய கோப்பிலே எனது பெயருக்குப் பக்கத்தில் ‘பொருளாளர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், 11 வருடங்கள்’ என்று இருக்கின்றது. எனது காலம் முடிந்து நான் விலகியபோது எனது இடத்துக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் வலை பின்னுபவர், மற்றவர் முன்பள்ளி ஆசிரியை. அவர்களது பெயருக்குப் பக்கத்திலும் அவர்கள் செய்யும் தொழிலே எழுதப்பட்டது.

அந்த அக்காவின் மகளுக்குக் கலியாணம் நடந்து இப்போது பேரப்பிள்ளையும் இருக்கின்றது. திருத்திய படத்தை நாங்கள் முதலிற் காட்டியது அவரது வளவிலேதான். அன்று அவர் தானே பாயை விரித்து, அயலவர்களைக் கூப்பிட்டு இருத்தினார். படம் முடிந்ததும் எழுந்து நின்று, “இது என்ட புள்ளைட கதை” என்று மட்டும் சொன்னார்.

சகோதரிகளே, உங்கள் பெயருக்குப் பக்கத்திலே என்ன எழுத வேண்டும் என்பதை நீங்களே இன்றைக்கு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கூப்பிடும் நாள் வரும்போது கையில் இருக்கட்டும்.